யோகமும் நமது ஊரும்
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)

இன்று பேசும்படி எமக்குத் தரப்பட்ட பொருள் 'யோகாசனத்தின் சிறப்பு' என்பது. பதஞ்சலி முனிவரில் தொடங்கி, யோகத்தின் எட்டு உறுப்புகளையும் எண்ணிச் சொல்லி, உடல் நலமும் உள நலமும் ஓங்கும் என்று முடித்துவிட்டால் பேச்சு நிறைவேறிவிடும், கைதட்டும் கிடைத்துவிடும். ஆனால், சென்ற ஆண்டு வைகாசியில் 31 பேருடன் நமது மண்டபத்தில் தொடங்கிய வகுப்பு ஆவணி முடியும்போது 9 பேராகச் சுருங்கியதும், ஐப்பசி மழையோடு நின்றேபோனதும் இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதைப்பற்றி வாய் திறவாமல் சிறப்பைப்பற்றி மட்டும் பேசினால் பின்வரிசையிலிருந்து எவராவது ஓர் ஆச்சி சிரிப்பார். ஆகையால் தலைப்பைச் சிறிது மாற்றிக்கொள்ள அவையோர் இடந்தர வேண்டுகிறோம்.

வகுப்புத் தொடங்கிய கதை இதுதான். வருடப்பிறப்பிற்கு ஊருக்கு வந்திருந்த நம்மூர் அன்பர் ஒருவர், வெளிநாட்டில் வாழ்பவர், றப்பர் பாய்கள் பத்து வாங்கித் தந்தார். "அங்கை வெள்ளைக்காரர் காசு குடுத்துப் பழகுகினம். உங்களுக்கு ஊருக்குள்ளையே கிடைக்கிற சாமான்" என்றார். பாய் வந்தபின் ஆசிரியரைத் தேடினோம். வரிசை தலைகீழாக இருந்தது என்பதை இப்போது உணர்கிறோம். பத்துப் பாய்க்கும் இளைஞர் போட்டி போட்டோம். பெரியோர் வீட்டிலிருந்து பனையோலைப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். சோளகம் வீசும் மாதமாதலால் ஓலைப்பாயின் நான்கு மூலைக்கும் கல் வைக்க வேண்டியிருந்தது.

ஆசிரியர் புதனும் சனியும் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் பண்ணைப் பாலத்தைக் கடந்து வருவார். அறுபதைத் தாண்டியவர். ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு துவாய், ஒரு போத்தல் தண்ணீர். முதல்நாள் நாம் எல்லோரும் பெரிய ஆவலோடு நின்றோம். அவரோ எல்லோரையும் மல்லாந்து படுக்கச் சொன்னார். "பிள்ளையள், முதலிலை படுத்துக் கிடக்கப் பழகுங்கோ" என்றார். அரை மணி நேரம் சவாசனம். இருவர் குறட்டை விட்டார்கள். இரண்டாம் நாளும் அதுவே. மூன்றாம் நாள் இருத்திவைத்து, நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை வெளியே விடும்படி சொல்லித் தந்தார். இரண்டு கிழமை இதுவே பாடம். இடையிடையே எழுந்து வந்து ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். ஒருவருக்கு முழங்கால் நோவா, இன்னொருவருக்கு இரவு நித்திரை இல்லையா என்று தாழ்ந்த குரலில் கேட்பார். பெரியோருக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. எங்களுக்கு அலுப்புத் தட்டியது. நாங்கள் கைபேசியில் பார்த்து வைத்திருந்த யோகம் வேறு. கடற்கரையில் தலைகீழாக நிற்பதும், காலைக் கழுத்தில் போடுவதும் அதிற் கண்டவை.

சங்கத்தில் ஒரு விழா வந்தது. மேடையில் ஆசனங்கள் செய்து காட்டினால் நன்றாயிருக்கும் என்று நாங்கள் கேட்டோம். ஆசிரியர் மறுத்தார். அவர் வராத ஒரு வியாழக்கிழமை, கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சர்வாங்காசனம் பழகினோம். தோளில் நிற்க வேண்டிய உடற்பாரம் எங்கள் தோழன் ஒருவனின் கழுத்தில் இறங்கிவிட்டது. மூன்று கிழமை அவனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அவனுடைய தாயார் மண்டபத்து வாசலில் வந்து நின்று கேட்ட கேள்விகளுக்கு எங்களில் எவரிடமும் விடையில்லை. ஊரில் பழி ஆசிரியர்மீது விழுந்தது. அது அநியாயம். பிழை எங்களுடையது, இந்த மேடையிலேயே அதைச் சொல்லிவிட வேண்டுமென்று எண்ணினோம்.

இரண்டாவது இடைஞ்சல் சற்று நுண்ணியது. நாரந்தனையில் சைவரும் வேதக்காரரும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்கிறோம். வகுப்புக்கு வேதக்காரக் குடும்பங்களிலிருந்து மூவர் வந்தார்கள். இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று வைத்தியர் சொன்னாராம். ஆசிரியர் தாம் மட்டும் 'ஓம்' என்று மெதுவாகச் சொல்லி வகுப்பைத் தொடங்குவார். எவரையும் சொல்லச் சொன்னதில்லை. ஒருநாள் எங்கள் உறுப்பினர் ஒருவர், எல்லோரும் எழுந்து நின்று ஓங்காரம் சொல்ல வேண்டும், படத்தை வணங்க வேண்டும் என்று கட்டளைபோற் கூறிவிட்டார். அடுத்த கிழமை அந்த மூவரையும் காணவில்லை. அவர்களோடு கூடி வந்த அயலவர் சிலரும் நின்றுகொண்டனர்.

செயற்குழு கூடியது. மூன்று விதமான பேச்சு எழுந்தது. இது நமது சமயத்துச் சொத்து, விருப்பமுள்ளவர் வரட்டும், மற்றவர் போகட்டும் என்றார் ஒருவர். ஓங்காரம், படம், வடமொழிப் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் தேகாப்பியாசமாக நடத்துவோம் என்றார் இன்னொருவர். மூத்த அப்பு ஒருவர் இருவரையும் மடக்கினார்: "யோகர் சுவாமி எந்தப் பெடியனைத் தலைகீழா நிறுத்தினவர்? உது எங்கட யோகமும் இல்லை, ஒண்டும் இல்லை!"

அந்தக் கேள்வி எங்களை உலுக்கிற்று. பல்கலைக்கழக விடுமுறை முடிந்து திரும்பியதும் நூலகத்தில் அதையே தேடினோம். அப்பு சொன்னதில் பெரும்பகுதி உண்மை.

யோகர் சுவாமிகள் 1872இல் பிறந்து 1964இல் மறைந்தவர். கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியில் களஞ்சியப் பொறுப்பாளராக உத்தியோகம் பார்த்தவர். நல்லூர்த் தேரடியில் பித்தரைப்போலத் திரிந்த செல்லப்பா சுவாமிகளைக் கண்டபின் உத்தியோகத்தை விட்டார். பின்னர் கொழும்புத்துறையில், முதலில் இலுப்பை மரத்தடியிலும் பிறகு ஒரு குடிலிலும் இருந்தார். அங்கே வகுப்பில்லை, நேர அட்டவணையில்லை, கட்டணமில்லை. வந்தவருக்கு வந்தவருக்கு ஏற்றபடி பேசுவார், ஏசவும் செய்வார், சிலரோடு பேசாமலே இருப்பார். 1935இல் 'சிவதொண்டன்' இதழ் அவர் வழிகாட்டலில் தொடங்கியது. பின்னர் எழுந்த சிவதொண்டன் நிலையத்தில் நடந்ததும் ஆசனப் பயிற்சியன்று. மௌனமாகத் தியானத்தில் இருத்தல். இளமையில் அவர் கத்தோலிக்கப் பாடசாலையில் படித்தவர் என்று அவர் வரலாறு கூறும். அவருடைய சீடர்களுள் ஒருவர், இந்நாட்டு மகா தேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மூத்த மகன்; சாந்தசுவாமி என்று நம்மவர் அழைத்தவர் அவரே. 1949இல் அவரைக் கண்டு தீட்சை பெற்றுச் சென்ற அமெரிக்க இளைஞர், பின்னாளில் சிவாய சுப்பிரமுனியசுவாமி என்ற பெயருடன் அவாய்த் தீவில் ஆதீனம் அமைத்தார். இவர்களையெல்லாம் ஏற்றுக்கொண்டவர் யோகர் சுவாமி.

பழைய நூல்களும் அப்புவின் பக்கமே பேசுகின்றன. பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் ஏறத்தாழ 196. அவற்றுள் ஆசனத்தைப்பற்றி நேரே பேசுவன 3 மட்டுமே. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரிக்கிறார். அங்கும் சில ஆசனங்களைப் பெயர் கூறிவிட்டு மூச்சுக்குப் போய்விடுகிறார். பிராணாயாமமும் தியானமும் சமாதியுமே பின்னர் விரிகின்றன. விவேகானந்த சுவாமிகள் 1897ஆம் ஆண்டு தைத் திங்களில் யாழ்ப்பாணம் வந்து பேசியதை நம் பாட்டன்மார் தங்கள் பாட்டன்மாரிடம் கேட்டிருப்பர். அதற்கு முந்திய ஆண்டில் வெளியான அவருடைய 'ராஜயோகம்' என்ற நூலும் உடலை மையமாகக் கொண்ட ஹடயோகத்தை ஒதுக்கிவைத்துவிட்டே பேசுகிறது.

அப்படியானால் இந்த வகுப்பு, இந்தப் பாய் வரிசை, இந்த ஆசனத் தொடர் எங்கிருந்து வந்தன? ஹடயோக நூல்கள் பல நூற்றாண்டு பழையன, ஐயமில்லை. ஆனால் பலரை ஒரு மண்டபத்தில் வரிசையாக நிறுத்தி ஆசனம் கற்பிக்கும் இன்றைய முறை நூறாண்டு அளவினதே. 1918இல் பம்பாயில் யோகேந்திரர் ஒரு நிலையம் தொடங்கினார். 1924இல் குவலயானந்தர் லோனாவ்லாவில் கைவல்யதாமம் அமைத்து, மூச்சையும் நாடியையும் கருவி கொண்டு அளந்தார். 1930களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் சிறுவர்களுக்குக் கற்பித்தார். அவரிடம் பயின்ற பி. கே. எஸ். ஐயங்கார் 1966இல் எழுதிய நூல் மேனாட்டில் வீடுதோறும் போயிற்று. ஆகவே இது பழைமையில் வேரும் புதுமையிற் கிளையும் கொண்ட மரம். அதனால் அதற்கு மதிப்புக் குறைந்துவிடாது. வாசிகசாலையுந்தான் நமது முன்னோர் அறியாதது. அதற்காக எவரும் அதை இடிக்கச் சொல்வதில்லை.

இலங்கைத் தமிழருக்கு இந்தப் புதுக்கிளை நீண்ட தூரத்து உறவன்று. பத்தமடையிற் பிறந்த சிவானந்தர் முதலில் வைத்தியர். 1913இல் மலாயாவுக்குப் போய்த் தோட்ட வைத்தியசாலையில் ஊழியம் செய்தவர். நம் யாழ்ப்பாணத்தார் றெயில்வேயிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த அதே மலாயாவில்தான் அவர் பத்தாண்டு இருந்தார். பின் துறவு பூண்டு ரிஷிகேசத்தில் 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். 1950இல் பாரத யாத்திரையின்போது இலங்கைக்கும் வந்து போனார். அவருடைய சீடர், கோயம்புத்தூர்ப் பக்கத்துச் செட்டிபாளையத்தவரான சச்சிதானந்த சுவாமிகள் 1953இல் இங்கு அனுப்பப்பட்டார். திருகோணமலையிலும் பின் கண்டியிலும் ஆச்சிரமம் நடத்தினார். கண்டியில் அவரிடம் வந்தவர் சைவர் மட்டுமல்லர். பௌத்தரும் கிறித்தவரும் இசுலாமியரும் வந்தனர். 1966இல் அவர் அமெரிக்கா சென்றார். 1969 ஆவணியில் வுட்ஸ்டொக் என்ற பெரிய இசைவிழாவைத் தொடக்கிவைத்துப் பேசினார். இந்த வரலாற்றில் எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. எங்கள் கைபேசித் திரையில் அமெரிக்கர் கற்பித்த யோகத்தின் ஒரு கிளை கண்டியிலிருந்து அங்கு போனது! நம் ஆசிரியருடைய ஆசிரியர் கண்டியில் அந்தச் சுவாமிகளிடம் பயின்றவராம். ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தற்செயலாகத்தான் அதைச் சொன்னார். நாங்களோ பக்கத்தில் நின்றவரை விட்டுக் கடலுக்கு அப்பாலிருந்தவரைப் பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டோம்.

சமயச் சிக்கலுக்கு வருவோம். இது நாரந்தனைக்கு மட்டும் வந்த சிக்கலன்று. 2008இல் மலேசியாவின் தேசிய பத்வாக் குழு, மந்திரமும் வழிபாடும் கலந்த யோகம் முஸ்லிம்களுக்கு ஆகாது என்றது. மந்திரமில்லாத உடற்பயிற்சியைத் தொடரலாம் என்று அந்நாட்டுப் பிரதமர் பின்னர் விளக்கினார். ஐக்கிய நாடுகள் சபை 2014 டிசம்பர் 11ஆந் திகதி யோக நாளை அறிவித்தபோது 177 நாடுகள் அத்தீர்மானத்தை உடன் முன்மொழிந்தன. எனினும் 2015இல் முதலாவது யோக நாளுக்கு வகுத்த பொதுப் பயிற்சியில், எதிர்ப்பு எழுந்தமையால், சூரிய நமஸ்காரத்தை இந்திய அரசே சேர்க்கவில்லை. அதே ஆண்டில் கலிபோர்னியாவில் ஒரு வழக்கு முடிந்தது. என்சினிட்டாஸ் என்ற ஊரின் பாடசாலைகளில் யோகம் கற்பிப்பது சமயப் பிரசாரம் என்று பெற்றோர் சிலர் நீதிமன்றம் போனார்கள். அது உலகியற் பயிற்சியே என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்கு முன்னரே பாடசாலையார் வடமொழிப் பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டிருந்தனர். பத்மாசனத்துக்குக்கூட ஏதோ அப்பிள் பழக் குழம்பின் பெயர் கொண்ட ஒரு குழந்தைப் பாட்டுப் பெயர் சூட்டினார்களாம். வழக்கில் வென்றார்கள். தாமரை மட்டும் போயிற்று.

நமது மண்டபத்தில் அப்படிச் செய்ய எங்களுக்கு மனமில்லை. பெயரை மறைத்துக் கொடுப்பது வாங்குபவரையும் ஏமாற்றுவது. நமது அயலவர் சிறுபிள்ளைகளல்லர். யோகம் எந்தச் சமய மரபில் வளர்ந்தது என்பது அவர்களுக்குத் தெரியும்.

கத்தோலிக்கர் தயங்குவதையும் நாம் அறியாமை என்று தள்ளிவிடலாகாது. 1989இல் வத்திக்கான் ஒரு மடல் வெளியிட்டது. கீழைத்தேயத் தியான முறைகளை அது முற்றாகத் தடுக்கவில்லை. உடற்பயிற்சியால் வரும் அமைதியையும் இதத்தையும் தூய ஆவியின் ஆறுதல் என்று மயங்காதீர்கள் என்று எச்சரித்தது. இதைப் படித்தபோது எமக்கு நம் பெரியோரின் நினைவே வந்தது. பயிற்சியில் தோன்றும் சின்னஞ்சிறு சுகத்தைக் கண்டு ஞானம் வந்துவிட்டதென்று துள்ளாதே என்று அவர்களும் அதையேதான் சொல்வார்கள். இன்னொரு பக்கம், 1950இலேயே குளித்தலைக்கு அருகில் காவிரிக் கரையில் மொஞ்சனின், லெ சோ என்னும் இரு பிரெஞ்சுக் குருமார் சாந்திவனம் என்ற ஆச்சிரமம் அமைத்துக் காவியுடுத்துத் தியானம் பழகினர். ஒரே திருச்சபைக்குள் இரண்டும் உண்டு. நமக்குள்ளும் மூன்று பேச்சு எழவில்லையா?

இவ்விடத்தில் எம்மைப்பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் படித்தது மிசன் பாடசாலையில். பதின்மூன்று ஆண்டு காலைக் கூட்டத்தில் நின்றோம். செபம் தொடங்கும்போது சைவப் பிள்ளைகளாகிய நாம் என்ன செய்வதென்று தெரியாமல் முதலாம் வகுப்பில் விழித்தோம். ஒருவன் சிலுவை அடையாளம் போட்டான்; ஒருவன் திருநீற்றைத் தடவிக்கொண்டு நின்றான். வயது முதிர்ந்த சகோதரி ஒருவர் எங்களிடம் வந்து, "பிள்ளையள், நீங்கள் சொல்லத் தேவையில்லை. சத்தம் போடாமல் நிண்டாச் சரி" என்றார். அவ்வளவுதான். பதின்மூன்று ஆண்டும் அப்படியே நின்றோம். வெளியேறும்போது திருநீற்றுடனேயே வெளியேறினோம். செபமும் குறையவில்லை.

எல்லா மிசன் பாடசாலைகளும் எல்லாக் காலத்திலும் அப்படி இருந்தன என்று நாம் சொல்ல வரவில்லை. பெரியோர் மனத்தில் பழைய காயம் உண்டு. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாருடன் வேதாகமத் தமிழ்மொழிபெயர்ப்பில் உழைத்தவர். அங்கே கற்றுக் கற்பித்த பின்னரே, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்கெனத் தனிப் பாடசாலை வேண்டுமென்று தொடங்கினார். காரணமில்லாமலா தொடங்கினார்? அதை மறந்து பேசினால் நாம் படித்த படிப்புக்கு அர்த்தமில்லை. ஆனால் நம் பிள்ளைகளை வாய் திறக்கச் சொல்லி வற்புறுத்தியது பிழை என்று அன்று நாம் சொன்னால், இன்று அயலவரை வாய் திறக்கச் சொல்லி வற்புறுத்துவதை என்னவென்று சொல்வது?

மாசியில் நாங்கள் மூன்று பேர், வகுப்பை விட்டுப்போன அம்மா ஒருவரின் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கத்தான் போனோம். பிளேன்ரீ தந்தார். "நான் கோவிச்சுக்கொண்டு வரேல்லை தம்பியவை. எல்லாரும் சொல்லேக்கை நான் மட்டும் சும்மா நிண்டால் உங்களை அவமதிச்சது மாதிரி இருக்குமெண்டு நினைச்சனான்" என்றார். பிறகு சற்று வெட்கத்துடன், "மாஸ்ரர் காட்டித் தந்ததை விடேல்லை. இரவிலை செபமாலை சொல்லேக்கை அதே மாதிரித்தான் மூச்சை விடுறன். இப்ப நித்திரை வருது" என்றும் சொன்னார்.

இதை மருத்துவம் படிக்கும் தோழரிடம் சொன்னோம். அவர் வியப்படையவில்லை, 2001ஆம் ஆண்டு டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்றைக் காட்டினார். இத்தாலியில் பவியா நகரத்துப் பேர்னார்டி என்பாரும் அவர் குழுவினரும் நலமுள்ள 23 பேரை ஒருமுறை இலத்தீனில் செபமாலையும், ஒருமுறை யோக மந்திரமும் சொல்லவைத்து மூச்சையும் இதய ஓட்டத்தையும் அளந்தனர். சாதாரணமாக நாம் ஒரு நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். செபமாலை சொன்னபோதும், மந்திரம் சொன்னபோதும் அது ஏறத்தாழ 6 ஆகக் குறைந்தது. இரத்த அழுத்தம் ஏறி இறங்கும்போது அதற்கேற்ப இதயத் துடிப்பைத் திருத்தும் உடலின் ஏற்பாடு இரண்டு வேளையிலும் நன்றாக வேலை செய்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தோம். நம் ஆசிரியர் நான்கு எண்ணும்வரை இழுக்கச் சொன்னார், ஆறு எண்ணும்வரை விடச் சொன்னார். எண்ணுக்கு ஒரு வினாடி என்றால் ஒரு மூச்சுக்கு 10 வினாடி. நிமிடத்துக்கு 6. அலுப்பென்று நாங்கள் கைவிட்ட அந்த இரண்டு கிழமைப் பாடம் அதுதான்.

23 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் கொள்ளவில்லை. செபமும் மந்திரமும் ஒன்றே என்றும் அது சொல்லவில்லை. சொன்னால் நமது அப்புவும் ஏற்கமாட்டார், கோயிற் சுவாமியாரும் ஏற்கமாட்டார். நெஞ்சுக் கூட்டுக்குள் நடப்பது ஒன்றாயிருக்கலாம்; நெஞ்சு யாரை நினைக்கிறது என்பது அவரவர் காரியம்.

ஆதலால் செயற்குழு முன் நாங்கள் சில வேண்டுகோள்களை வைத்திருக்கிறோம். பெரியோர் இந்த அவையிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். விளக்கு ஏற்றப்படும், ஆசிரியர் ஓங்காரம் சொல்வார், விரும்பியவர் சேர்ந்து சொல்வர், மற்றவர் சும்மா இருப்பர், எவர் வாய் அசைகிறது, அசையவில்லை என்று எவரும் திரும்பிப் பார்க்கக்கூடாது. ஆசனங்களின் பெயர் மாறாது. மேடைக் காட்சி இல்லை. இன்றைய நிகழ்ச்சி நிரலில் அது இல்லாமைக்குக் காரணம் இதுவே, எவரும் சோம்பியதாலன்று. இரத்த அழுத்தம் கூடியவர்களும், கண்ணில் நீரழுத்த நோயுள்ளவர்களும், கர்ப்பிணிகளும் தலைகீழான ஆசனங்களுக்குப் போவதில்லை. ஆசிரியர் இல்லாத நாளில் மண்டபத்தின் திறப்பு எங்களிடம் தரப்படாது. இதை நாங்களே கேட்டுக்கொண்டோம்.

பெண்களுக்குத் தனி வகுப்பும் பெண் ஆசிரியரும் வேண்டும் என்று தாய்மார் கேட்டிருக்கிறார்கள். ஆசனத்தில் உடலைத் தொட்டுத் திருத்த வேண்டிவரும். புகழ்பெற்ற யோக ஆசிரியர் சிலர்மீது வெளிநாடுகளில் மாணவியர் வழக்குத் தொடுத்த செய்திகளை நாமும் வாசிக்கிறோம். 'குரு' என்ற சொல்லுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்ளுதல் பக்தியாகாது. கைதடியில் சித்த மருத்துவம் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் வழியாகப் பெண் ஆசிரியர் ஒருவரை விசாரித்து வருகிறோம். கிடைக்கும்வரை பெண்கள் வகுப்பில் மூச்சுப் பயிற்சி மட்டுமே நடக்கும்; திருத்துவது சொல்லால் மட்டுமே.

இனிக் காசு. சென்ற ஆண்டு ஆசிரியர் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. பஸ் காசுகூட அவருடையது. யோகர் சுவாமி கட்டணம் வாங்கவில்லை என்று இதற்கு நியாயம் சொன்னவர்களும் உண்டு. துறவிக்குப் பிள்ளைகுட்டி இல்லை. நம் ஆசிரியருக்குக் குடும்பம் இருக்கிறது. மாதந்தோறும் சங்கக் கணக்கிலிருந்து அவருக்கு ஒரு வேதனமும் பஸ் செலவும் கொடுப்பதாகத் தனாதிகாரியார் ஒப்புக்கொண்டிருக்கிறார். பத்துப் பாய் வாங்கித் தந்த அன்பருக்கும் கடிதம் எழுதினோம். இனிப் பாய் வேண்டாம், பஸ் காசு அனுப்புங்கள் என்றோம். அவர் சிரித்துவிட்டு அனுப்பியிருக்கிறார்.

1990இல் இந்தத் தீவகத்தவர் வீடு வாசலை விட்டு எழுந்து போனார்கள். நாங்கள் அதற்குப் பின்னர் பிறந்தவர்கள், கேட்டறிந்தவைதாம். திரும்பி வந்த எங்கள் தாய் தந்தையர் கோயிலையும் தேவாலயத்தையும் கிணற்றையும் திருத்தினார்கள். இரவில் நித்திரையில்லாத அப்புமாரும் ஆச்சிமாரும் இரு பக்கத்து வளவுகளிலும் இருக்கிறார்கள் என்பதை அந்த வகுப்பில்தான் நாங்கள் முதன்முதலாக அறிந்தோம். ஆசிரியர் தாழ்ந்த குரலில் கேட்டபோது அவர்கள் அவருக்குச் சொன்னார்கள். எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை.

கழுத்துப் பிடித்த தோழன் நலமாயிருக்கிறான். அதோ மூன்றாம் வரிசையில் கழுத்தைத் திருப்பி எம்மைப் பார்க்கிறான். அவனுடைய தாயாரும் வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். ஆசிரியரிடம் போய்ப் பேசினோம். நாங்கள் சொல்லத் தொடங்குமுன், "சனிக்கிழமை எத்தனை மணி பஸ்?" என்று கேட்டார்.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்கு வகுப்புத் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்கு முன் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். ஓலைப்பாய் உள்ளவர் கொண்டு வாருங்கள். சோளகம் எழும்பப் போகிறது. மூலைக்கு வைக்கும் கல்லை நாங்கள் பொறுக்கி வைத்திருக்கிறோம்.